பச்சை வயலும் அடைபட்ட வடிகட்டியும்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் கார் வைத்திருப்போரிடையே ஒரு கருத்து வேரூன்றியிருக்கிறது. தண்ணீரும் பசுமையும் நிறைந்த காவிரிப் படுகையில் புழுதி குறைவு என்பதால் ஏர் ஃபில்டர் எனப்படும் காற்று வடிகட்டியை மாற்ற அவசரமில்லை, சர்வீசின்போது கம்ப்ரெசரால் ஊதிப் போட்டால் போதும், மைலேஜ் குறைந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதே அது. இதன் ஒவ்வொரு கூறும் பிழையானது.

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எஞ்சின் சுமார் 9,000 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறது. அத்தனை காற்றும் வடிகட்டியில் மடிப்பு மடிப்பாக அமைந்த ஒரு தாள் அட்டையின் வழியாகவே செல்கிறது.

முதலாவது, புழுதி குறைவு என்ற கூற்று. வயலில் தண்ணீர் நிற்பது ஆண்டின் ஒரு பகுதியில்தான். புரட்டாசி, ஐப்பசியில் குறுவையும், தை, மாசியில் சம்பாவும் தாளடியும் அறுவடையாகும்போது, அறுவடை இயந்திரத்தின் பின்னே காய்ந்த வைக்கோலின் தூளும் நெல்லின் சுணையும் புகையாக எழுகின்றன. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் தூற்றும் நெல்லிலிருந்து பதரும் தூசும் சாலைக்குப் பறக்கின்றன. பங்குனி வாக்கில் உளுந்துச் செடியைத் தார்ச்சாலையில் பரப்பி, ஓடும் வண்டிகளின் சக்கரத்தாலேயே காய்களை உடைக்கும் வழக்கத்தால், அவ்வழியே செல்லும் கார் அத்தூளுக்குள்ளேயே மூச்சு வாங்குகிறது. அரிசி ஆலைகளில் எரியும் உமியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு சாம்பலாக எஞ்சுகிறது. அச்சாம்பலின் பெரும்பகுதி சிலிக்கா, ஆற்று மணலின் முதன்மைச் சேர்மமும் அதுவே. இத்தகைய துகள் சிலிண்டருக்குள் புகுந்தால், பிஸ்டன் வளையங்களையும் சுவரையும் அரத்தைப் போலத் தேய்க்கும்.

இரண்டாவது, ஊதினால் போதும் என்ற கூற்று. அழுக்குப் பக்கத்திலிருந்து அடிக்கும் காற்று துகளைத் தாளுக்குள் மேலும் திணிக்கிறது. மறுபக்கத்திலிருந்து வேகமாக அடித்தாலோ தாளின் நுண்ணிழைகள் விலகியும் கிழிந்தும் போகின்றன. ஊதிய வடிகட்டியை வெயிலுக்கு நேரே பிடித்தால் ஊசிமுனை அளவில் ஒளிப்புள்ளி தெரிவதுண்டு. அப்புள்ளி தூசு நுழையும் வாசல். வைக்கோல் துணுக்கு ஒட்டியிருந்தால் மெல்லத் தட்டி உதிர்ப்பதில் தவறில்லை. சிறிதளவு தூசு படிந்த தாள் புதிய தாளைவிட நுண்மையாக வடிகட்டும் என்பதால் காலத்துக்கு முன்பே மாற்றுவதும் வீண். எனினும் கரியேறிய தாளை மீண்டும் மீண்டும் ஊதிப் பயன்படுத்துவது சிக்கனமன்று.

மூன்றாவது, மைலேஜைக் கொண்டு அறியலாம் என்ற கூற்று. கார்புரேட்டர் காலத்தில் இது உண்மையாக இருந்தது. காற்று குறைந்தால் பெட்ரோல் கலவை மிகுந்து வீணானது. இன்றைய கார்களில் உள்ளே வரும் காற்றுக்கு ஏற்ப எரிபொருளை மின்னணுக் கட்டுப்பாடு அளந்து தருகிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, வடிகட்டி அடைபட்ட நவீன கார்களில் மைலேஜ் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. வேகமெடுக்கும் திறன்தான் குறைந்தது. ஆகவே மைலேஜ் சரியாக இருப்பது வடிகட்டி நன்றாக இருப்பதற்குச் சான்றாகாது. கிழிந்த வடிகட்டியோ காற்றைத் தாராளமாக விடுவதால் ஓட்டுநருக்கு எந்த அறிகுறியும் காட்டாமலே எஞ்சினைத் தேய்த்துவிடும்.

ஏ.சி. வழியே வரும் காற்றைத் தூய்மையாக்கும் கேபின் ஃபில்டர் எஞ்சினின் ஏர் ஃபில்டரிலிருந்து வேறானது. பல கார்களில் இது முன்னிருக்கைக்கு எதிரேயுள்ள டாஷ்போர்டுப் பெட்டியின் பின்னால் இருக்கும். எஞ்சினை அன்று, பயணிகளின் நுரையீரலைக் காப்பது இதன் பணி. ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரமும் தங்கிய தூசும் சேர்ந்தால் ஏ.சி. காற்றில் பூஞ்சை நாற்றம் வீசும்.

ஏர் ஃபில்டரை மாற்றும் வேலை எளிது. அதன் பெட்டியின் கிளிப்புகளைத் தளர்த்தி, பழையதை எடுத்து, எஞ்சினுக்குச் செல்லும் வாய்க்குள் தூசு விழாதபடி உட்புறத்தை ஈரத்துணியால் துடைத்து, புதியதன் ரப்பர் விளிம்பு சுற்றிலும் இடைவெளியின்றிப் பொருந்துமாறு வைக்க வேண்டும். கேபின் ஃபில்டரில் அம்புக்குறி காட்டும் திசையையும் கவனிக்க வேண்டும். கார்க் கையேடுகள் புழுதி மிகுந்த சாலைகளுக்குக் குறுகிய மாற்றக் காலத்தைப் பொதுவாகத் தனியே குறிப்பிடுகின்றன. காவிரிப் படுகையில் ஓடும் கார் அந்தப் பிரிவைச் சேர்ந்தது. கிலோமீட்டர் கணக்கோடு, ஒவ்வோர் அறுவடை முடிவிலும் பெட்டியைத் திறந்து பார்ப்பதே இம்மண்ணுக்குப் பொருந்திய முறை.