பின்னோக்கி நடத்தப்படும் வார்த்தைகள்

ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கம் செய்பவர்களை அடிக்கடி சங்கடத்துக்குள்ளாக்கும் சொற்றொடர்களில் ஒன்று 'வோக் பாக்'. திரும்பி நடந்து செல்வது என்பதே அதன் நேர்ப்பொருள். ஆனால், அமெரிக்க அரசியல் செய்திகளில் ஒருவர் தாம் கூறிய கருத்தில் இருந்து விலகிக்கொள்வதை அல்லது அதன் கடுமையைக் குறைப்பதை அது குறிக்கிறது.

நடத்தல் என்ற வினைக்குச் சாதாரணமாகச் செயப்படுபொருள் தேவையில்லை. இங்கோ கூறப்பட்ட கூற்றே செயப்படுபொருளாகிவிடுகிறது. பேசியவர் நின்ற இடத்திலேயே நிற்க, அவரது வார்த்தைகள் மாத்திரம் பின்னோக்கி நடத்தப்படுகின்றன. தவறை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. மன்னிப்புக் கோரவும் வேண்டியதில்லை. அரசியல்வாதிகளுக்கு இதைவிட வசதியான சொல் எது?

2018 ஜூலை 16 ஹெல்சிங்கியில் ரஷ்ய ஜனாதிபதி புட்டினின் அருகில் நின்றவாறு ஜனாதிபதி ட்ரம்ப், அமெரிக்கத் தேர்தலில் தலையிட்டது ரஷ்யாவாக இருப்பதற்குக் காரணம் எதையும் தாம் காணவில்லை என்றார். கண்டனங்கள் கிளம்பவே, ரஷ்யாவாக 'இல்லாதிருப்பதற்கு' என்றே கூற நினைத்ததாக மறுநாள் விளக்கமளித்தார். ஒரு எதிர்மறைச் சொல் கருத்தைத் தலைகீழாக்கியது. ஊடகங்கள் அதை 'வோக் பாக்' என்று வர்ணித்தன.

2022 மார்ச் 26 வார்சோவில் உரையாற்றிய ஜனாதிபதி பைடன், புட்டின் அதிகாரத்தில் நீடிக்கமுடியாது என்றார். அவர் ஆட்சிமாற்றம் பற்றிப் பேசவில்லை என்று வெள்ளை மாளிகை அவசரமாக விளக்கம் கூறியது. அதையும் ஊடகங்கள் அதே சொல்லாலேயே குறிப்பிட்டன. ஆனால், இரு தினங்கள் கழித்துப் பைடனோ தாம் எதையும் 'வோக் பாக்' செய்யவில்லை என்றும் தனது தார்மீகச் சீற்றத்தையே வெளிப்படுத்தியதாகவும் கூறினார். கொள்கையில் மாற்றமில்லை என்பதையும் அவர் சேர்த்துக்கொண்டார்.

இந்த இரு சம்பவங்களையும் 'கூற்றை வாபஸ் பெற்றார்' என்று தமிழில் எழுதினால் அது தவறான செய்தியாகிவிடும். முன்னவர் வாய்தவறிவிட்டதாகக் கூறினார். பின்னவரின் வார்த்தைகளுக்கு அதிகாரிகள் வேறு பொருள் கூறினார்கள். வாபஸ் பெறுவதற்குத் தவறை ஏற்றுக்கொள்ளும் நேர்மை வேண்டும். அந்த நேர்மையை ஒருவர் வெளிக்காட்டாத வேளையில் மொழிபெயர்ப்பாளர் அதை அவருக்கு இனாமாக வழங்கக்கூடாது.

மறுத்தாரா, மீளப்பெற்றாரா, மென்மைப்படுத்தினாரா, வேறு விளக்கம் கொடுத்தாரா என்று பார்த்து, நடந்ததற்குரிய வினைச்சொல்லைப் பயன்படுத்துவதே முறை. தமிழில் அத்தகைய சொற்களுக்குப் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம், செய்தியை முழுமையாக வாசித்துவிட்டு எழுதுவதற்கான பொறுமைக்குத் தான்.