திரைத் தோட்டமும் வீட்டுத் தோட்டமும்

முன்னாளில் தோட்டஞ் செய்யக் கற்க விரும்பிய ஒருவர், தோட்டக்காரர் ஒருவரின் அருகிற் சென்று நிற்றல் வேண்டும். மண்வெட்டி பிடிக்கும் வகை, நாற்றைப் பிடுங்கும் பக்குவம், நீர் ஊற்றும் அளவு என்பன யாவும் கண்ணாற் கண்டு கையாற் பழகிய கல்வியாகவே இருந்தன. இந்நாளிலோ ஆசிரியர் நம் கைத்தொலைபேசிக்கே வந்துவிடுகின்றார். 2005ஆம் ஆண்டில் யூடியூப் தோன்றிய பின்னர் தோட்டக்கலைக் காணொளிகள் எண்ணிலடங்காது பெருகிவிட்டன. கத்தரி நடுவது எவ்வாறு என்று கேட்டுவிட்டால் போதும்; கோயம்புத்தூரிலிருந்தும் கேரளத்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் ஆசிரியர் பலர் ஒருங்கே வந்து பாடஞ் சொல்கின்றனர். ஆசிரியர் இல்லாமை இன்று நமக்குக் குறையன்று. வந்தவருள் எவர் சொல்வது நமது வளவுக்குப் பொருந்தும் என்பதே கேள்வி.

இது வெறும் பொழுதுபோக்கைப் பற்றிய கேள்வி எனக் கருதவேண்டா. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டதையும், 2022இல் நாட்டைப் பிடித்த நெருக்கடியையும் எமது இல்லத்தரசிகள் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வாண்டு ஜூன் மாதத்தில், அரச ஊழியர் தம் வீட்டில் பயிர் செய்வதற்கென வெள்ளிக்கிழமை விடுமுறைக்கு அமைச்சரவை அனுமதி அளிக்கும் நிலையும் வந்தது. அன்று மண்வெட்டி எடுத்தவர் பலர். அதனைக் கீழே வைக்காதவர் சிலரே. காசு கொடுத்து விதையும் சாடியும் வாங்கி, காணொளியிற் கண்டபடியே செய்தும் செடி பட்டுப்போகுமாயின், "எமக்குக் கைராசி இல்லை" என்று சொல்லி மனிதர் ஒதுங்கிவிடுகின்றனர். பல வேளைகளில் குற்றம் கையினதன்று. வேற்று நிலத்துப் பாடத்தை இந்நிலத்திற் படித்ததே குற்றம்.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். மேனாட்டுக் காணொளிகளில், "கடைசி உறைபனி கழிந்ததும் விதையுங்கள், தெற்கு நோக்கிய சுவரோரம் வெயில் மிகுதி" என்பார்கள். உறைபனி எமக்கு இல்லை என்பது சிறுவருக்கும் தெரியும். தெற்குச் சுவர்ப் பேச்சோ பலரை மயக்கிவிடும். மட்டக்களப்பு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ ஏழே முக்காற் பாகையில் உள்ளது. ஆதலால் ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஓகஸ்ட் இறுதி வரை நண்பகற் சூரியன் நமக்கு வடபுறமாகவே நிற்கின்றான். அக்காலத்தில் வெயில் வேண்டித் தென்சுவரோரம் வைத்த சாடி, கூரை நிழலிலே கிடந்து மெலியும்.

ஆங்கிலேயர் சொல்வது பொருந்தாதெனின் தமிழிற் சொல்வது பொருந்துமன்றோ என்று வாசகர் கேட்கலாம். ஆபத்து மிகுதியாக உள்ள இடம் அதுவே. மொழி ஒன்றாயிருத்தலால் நிலமும் ஒன்று என மயங்கிவிடுகின்றோம். "ஆடிப் பட்டம் தேடி விதை" என்பது தமிழகத்தின் பழமொழி. அங்குள்ள காணொளிகள் பலவும் ஆடி பிறந்தவுடன் விதைப்பைத் தொடங்கிவிடுகின்றன. எமது வாவிக்கரையிலோ ஆடி மாதம் கச்சான் காற்று அனலாக வீசும் காலம். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை பெறும் இம்மாவட்டத்தில், அதன் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரையுள்ள மாரி மாதங்களிலேயே பொழிகின்றது. ஆடியில் வெளியிலே தூவிய இளநாற்று, கிணற்று நீரை எவ்வளவு ஊற்றினும் அக்காற்றுக்கு ஈடுகொடாது. புரட்டாதியில் நாற்றுமேடை அமைத்து, கிடுகு நிழலில் நாற்றை வளர்த்து, முதல் மழைகளோடு நடுவதே புதியவருக்கு இலகுவான வழி. மாரி முற்றியபின் எமக்குத் துன்பம் வறட்சியன்று, தேங்கும் வெள்ளமே. ஆகவே வறண்ட ஊர்க் காணொளிகள் நீரைச் சேமிக்கப் பள்ளப் பாத்தி கட்டச் சொல்லும்போது, மாரியிற் பயிரிடும் நாம் மேட்டுப் பாத்தியே கட்டல் வேண்டும்.

மண்ணும் நீரும் எமது மாவட்டத்துக்குள்ளேயே மாறுபடுகின்றன. எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலம் பெரும்பாலும் மணல். அம்மணலின் கீழே மழையால் ஊறிய நன்னீர், உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. இயந்திரம் வைத்து அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலெழுந்துவிடும். 2004 டிசம்பர் 26இல் வந்த கடற்கோளின் பின் கரையோரக் கிணறுகள் உவர்ப்பட்ட துயரத்தை எம்மவர் கண்டிருக்கின்றனர். "நாளுக்கு ஒருமுறை நிறைய நீர் விடுங்கள்" என்னும் அறிவுரை இம்மணலிற் பயன்படாது. விட்ட நீர் வேருக்கு நில்லாமல் இறங்கிவிடும். மக்கிய எரு சேர்த்து, சருகினால் மூடாக்கிட்டு, காலையும் மாலையும் சிறிது சிறிதாக ஊற்றுவதே முறை. தும்புத்தூளைச் சாடியில் இடுவதாயின், முன்னர் நன்னீரில் ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசிவிடுக; உவர்நீரில் ஊறிய மட்டையின் தூளில் உப்புத் தங்கியிருக்கும். படுவான்கரையின் வயலோரக் களிமண்ணில் வாழ்பவர்க்கோ இவற்றுட் பல பொருந்தா. அங்கே நீர் வடியச் செய்வதே முதல் வேலை.

இனி, காணொளியைத் தேடும் வகையைப் பார்ப்போம். சொல்லிலேயே முதற் சிக்கல் உண்டு. நாம் பசளை என்று எருவைச் சொல்கின்றோம். தமிழகத்தில் அதனை ஒத்த ஒலியுடைய பசலை ஒரு கீரை. எருவைத் தேடியவர் கீரைச் சமையலைக் கண்டு திகைப்பதுண்டு. அவர்கள் சொல்வது உரம். எமது வெண்டி அவர்களுக்கு வெண்டைக்காய். எமது பப்பாசி அவர்களுக்குப் பப்பாளி. எமது கச்சான் அவர்களுக்கு நிலக்கடலை. எமது வீட்டுத் தோட்டத்தை அவர்கள் பெரும்பாலும் மாடித் தோட்டம் என்பார்கள். ஆகவே இரு வழக்கிலும் தேடல் வேண்டும். பயிரின் பெயரோடு "மணல் நிலம்", "நாற்று", "மழைக்காலம்" முதலிய சொற்களையும் சேர்த்தால், வேண்டாதவை பல விலகிப்போகும்.

கிடைத்த காணொளியை மூன்று கேள்விகளால் அளந்து பார்க்கலாம். முதலாவது, அது எந்த ஊரில், எந்த மாதத்தில் எடுக்கப்பட்டது எனச் சொல்கின்றதா? சொல்லாவிடின் அதனைக் கைவேலைக்கு மட்டுமே நம்புக, காலத்துக்கு நம்பவேண்டா. இரண்டாவது, விதை முதற் காய் வரை அதே செடியைக் காட்டுகின்றதா? இலை சுருண்டதையும் பூச்சி அரித்ததையும் மறைக்காது காட்டுபவரே நல்லாசிரியர். மூன்றாவது, முடிவில் எதையேனும் விற்கின்றதா? விற்பவர் யாவரும் பொய்யர் அல்லர். ஆயினும் எந்த நோய்க்கும் தம் போத்தலே மருந்து என்பாரைச் சற்றுத் தள்ளியே வைத்தல் நன்று. எப்சம் உப்பு எல்லாச் செடிக்கும் அமிர்தம் என்பது இவ்வகைப் பேச்சு. மண்ணில் மக்னீசியம் குறைந்தவிடத்தில் மட்டுமே அது உதவும். உருளைக்கிழங்கிற் குத்திய ரோசாத் தண்டு வேர்விட்டு மலரும் எனக் காட்டுவனவும் உள. வீட்டிற் செய்து பார்த்தால் பெரும்பாலும் கிழங்கு அழுகும். அல்லது கிழங்கே முளைக்கும்!

இவ்வளவும் கூறியது காணொளிகளை இகழ்வதற்கன்று. பதியம் வைத்தல், ஒட்டுக் கட்டுதல், நாற்றை வேர் அறாது எடுத்தல் முதலியவற்றை எத்துணைப் பக்கங்களில் எழுதினும், ஒரு நிமிடக் காட்சிக்கு ஈடாகாது. நிறுத்தலாம், திரும்பப் பார்க்கலாம், ஆசிரியர் சினங்கொள்ளார். கையின் தொழிலை எந்நாட்டாரிடமும் கற்கலாம். காலத்தையும் மண்ணையும் உள்ளூரிலேயே கேட்டறிதல் வேண்டும். இதுவே நாம் சொல்ல விரும்புவது.

ஊரோடு பொருந்திய ஊடகம் எத்துணை வலியது என்பதற்குச் சான்று உண்டு. 1960களில் தஞ்சைப் பகுதியில் ஆடுதுறை 27 என்னும் புதிய நெல் பரவியபோது, அதனைப் பயிரிடும் முறையைத் திருச்சி வானொலி ஒலிபரப்பியது. உழவர் அந்நெல்லை "ரேடியோ நெல்" என்றே அழைத்தனர். அவ்வொலிபரப்பு அவ்வூர் நீருக்கும் பட்டத்துக்கும் உரியதாக இருந்தமையாலேயே வயலில் இறங்கியது. 2006ஆம் ஆண்டளவில் பெங்களூரில் மைக்ரோசொப்ட் ஆய்வகத்திலே தொடங்கிய டிஜிற்றல் கிறீன் என்னும் முயற்சியும் இவ்வழியே சென்றது. அவ்வட்டாரத்து உழவரையே படமெடுத்து, அயலவர் குழுவாக அமர்ந்து காணச் செய்து, இடையிடையே நிறுத்திக் கேள்வி கேட்க ஒருவரையும் அமர்த்தினர். தமக்கு நிகரான ஒருவர் தம் மண்ணிற் செய்வதைக் கண்டவர், தாமும் செய்யத் துணிந்தனர்.

எமக்கும் துணை இல்லாமலில்லை. விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி இலக்கத்தில் ஐயங்களைக் கேட்கலாம். பிரதேசத்து விவசாயப் போதனாசிரியர் எமது மண்ணை அறிந்தவர். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் உள்ளது. எல்லாவற்றுக்கும் முன்னே, அடுத்த வளவில் ஆண்டுதோறும் மிளகாய் காய்க்க வைக்கும் அம்மம்மா ஒருவர் இருக்கின்றார். காணொளியிற் கண்டதை அவரிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தபின் விதையைத் தொடுவோர், பெரும்பாலும் ஏமாறுவதில்லை.

மாணாக்கருக்கு ஒரு வார்த்தை. உங்கள் கையிலுள்ள தொலைபேசி பார்ப்பதற்கு மட்டும் உரியதன்று, எடுப்பதற்கும் உரியது. வரும் புரட்டாதியில் அந்த அம்மம்மாவின் அனுமதியோடு, அவர் நாற்றுமேடை அமைப்பதையும், மாரியில் அதனைக் காப்பதையும், தையிற் காய் பறிப்பதையும் படமெடுங்கள். ஊர்ப் பெயரையும் மாதத்தையும் தவறாது சொல்லுங்கள். விடுமுறையில் முதன்முதல் விதை வாங்கும் பிள்ளை ஒன்று மட்டக்களப்பு மணலில் கத்தரி நடுவதெப்படி என்று தேடும்போது, மட்டக்களப்பிலிருந்தே அதற்கு விடை கிடைக்கட்டும்.