போலித் துப்பாக்கியும் பொய் வரலாறும்



"சிறுவர்கள் பார்க்கப் போவதுதானே! எதையாவது வைத்தால் போதாதா?" வரலாற்றுக் கண்காட்சிகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் என் காதில் விழும் சொற்கள் இவை. இந்த மனப்போக்கை வன்மையாகக் கண்டிக்கவே இப்பதிவு.

அண்மையில் பினாங்கில் ஒரு கண்காட்சியைக் கண்டேன். இடத்தின் பெயர் வேண்டா. கண்ணாடிப் பேழைக்குள் ஒரு நீள்துப்பாக்கி. அருகில் 'இந்திய தேசிய இராணுவ வீரர் ஏந்தியது' என்னும் அட்டை. பேழையில் இருந்ததோ செருமானிய மௌசர் வகையின் இக்காலப் படி! படி என்ற குறிப்புகூட இல்லை.

"இரண்டும் துப்பாக்கிதானே?" என்பீர்களானால், அங்கேதான் வரலாறு தொலைகிறது. 1941 டிசம்பரில் மலாயாவைக் காக்க நிறுத்தப்பட்ட பிரிட்டிசு இந்தியப் படையினர் ஏந்தியது .303 லீ-என்பீல்டு. 'போல்ட்' என்னும் தாழைச் சூட்டுக்குச் சூடு கையால் திறந்து மூட வேண்டிய வகை அது. 15.2.1942 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தபோது அவை சப்பானியர் வசமாயின. இந்திய தேசிய இராணுவம் பெரும்பாலும் ஏந்தியது, இவ்வாறு கைப்பற்றப்பட்ட பிரிட்டிசு ஆயுதங்களையே. அரச முடி பொறித்த துப்பாக்கி, அந்த அரசை நோக்கியே திரும்பியது! இதைவிடச் சிறந்த வரலாற்றுப் பாடம் உண்டா? மௌசரை வைத்த கை அப்பாடத்தையே அழித்துவிட்டது.

படிகளை மதிப்பிடுவோர் ஒன்றை மறக்கலாகாது. தரம் வேறு, துல்லியம் வேறு.

பாகிசுதானின் தர்ரா ஆதம் கேல் பகுதிக் கொல்லர்கள் கைக்கருவிகளைக் கொண்டே லீ-என்பீல்டைப் பார்த்துச் செய்தவர்கள். தோற்றம் ஏறத்தாழ அப்படியே இருக்கும். இரும்போ கிடைத்த இரும்பு, சுடுபவருக்கே ஆபத்து. மறுபுறம், 2000களில் ஆஸ்திரேலியன் இண்டர்நேசனல் ஆர்ம்சு என்னும் நிறுவனம் லீ-என்பீல்டு எண் 4 வடிவத்தைத் தழுவிப் புதிய துப்பாக்கிகளை விற்றது. ஆனால் அவற்றுள் 7.62 மி.மீ. நேட்டோ தோட்டாவுக்கானவை பழைய .303 தோட்டாவை ஏற்கா. தோட்டாப்பெட்டியும் அமெரிக்க எம்14 வகையைச் சார்ந்தது. சுடுவோர் அவற்றை விரும்பலாம். வரலாற்றுச் சான்றாக அவை நில்லா. மூன்றாவது வகை, துத்தநாகக் கலவையில் வார்த்துச் சுவரில் மாட்டும் அழகுப்பொருள். அது சுடாது என்பது குறையன்று. வடிவமும் பொறிப்பும் சரியா என்பதே நம் வினா.

அவ்வினாவிற்கு விடை காண வல்லுநராக இருக்க வேண்டியதில்லை. நான்கைப் பார்த்தால் போதும்.

1. தோட்டாப்பெட்டி: லீ-என்பீல்டில் விசைக்கு முன்னே பத்துத் தோட்டாப் பெட்டி கீழே துருத்தி நிற்கும். மௌசர் 98கே வகையில் ஐந்து தோட்டாக்கள் மரக்கட்டைக்குள்ளேயே அடங்கும்.

2. குழல்முனை: அக்கால இந்தியப் படையின் எண் 1 மார்க் 3 வகையில் முனைமூடி குழல்வாயோடு ஒட்டி, மொட்டை மூக்குப்போல் முடியும். மௌசரில் குழல் வெளியே நீளும்.

3. அளவு: எண் 1 மார்க் 3 ஏறத்தாழ 113 செ.மீ. நீளமும் 4 கிலோ எடையும் உடையது. சப்பானியரின் 38ஆம் வகை அரிசாகா ஏறத்தாழ 128 செ.மீ. நீளும்.

4. பொறிப்பு: அரச முடி, மன்னர் பெயரெழுத்து, தொழிற்சாலை, ஆண்டு ஆகியவை ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். வங்காளத்து இசாப்பூர் ஆலையில் செய்தவை அவ்வூர்ப் பெயரைத் தாங்கும். தர்ராவின் படிகளிலோ, 1901 சனவரியில் மறைந்த விக்டோரியா அரசியின் பெயரெழுத்தும் அதற்குப் பிந்திய ஆண்டும் சேர்ந்தே காணப்படும். ஆங்கில 'என்' எழுத்து இடவலம் மாறி நிற்பதும் உண்டு. பிழை திருத்துவது நமக்குப் பழகிய தொழில்தானே!

படிகளே கூடா என்று நான் சொல்லவில்லை. கோர்ன்வாலிஸ் கோட்டையில் நிற்கும் பிரான்சிஸ் லைட் சிலையை எண்ணிப் பாருங்கள். அவருடைய உருவப்படம் கிட்டாமையால், மகன் வில்லியம் லைட்டின் சாயலைக் கொண்டு 1936இல் வடித்தார்கள். அச்செய்தி மறைக்கப்படாமையால் சிலை யாரையும் ஏமாற்றவில்லை. சொல்லப்பட்ட படி பாடமாகும்; மறைக்கப்பட்ட படி பொய்யாகும்.

"பிள்ளைகளுக்குத் துப்பாக்கியைக் காட்டுவதே தவறு" என்பாரும் உளர். அவர்தம் அக்கறையை மதிக்கிறேன். ஆயினும் பளபளக்கும் நெகிழிப் பொம்மையே போரை விளையாட்டாக்குகிறது. உண்மையான எடை, போர் சுமை என்பதை உணர்த்துகிறது. 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் பயிற்சி தொடங்கிய சான்சிராணிப் படையில் நம் தோட்டப்புறத் தமிழ்ப் பெண்கள் பலர் இருந்தனர். அவர்கள் தோளில் ஏறிய பாரத்தை ஒரு கிலோ பொம்மை சொல்லுமா?

அதற்காகப் பள்ளிக்குப் படி வாங்கப் புறப்பட்டுவிடாதீர்கள். நம் நாட்டின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் போலி ஆயுதங்களையும் கட்டுப்படுத்துகிறது. எளிய வழி உண்டு. 113 செ.மீ. நீளக் கழி ஒன்று. 4 கிலோ அரிசிப் பை ஒன்று. "இது துப்பாக்கியன்று, இதன் நீளமும் எடையும் மட்டுமே அது" என்று கூறி, திடலை ஒருமுறை சுற்றிவரச் செய்யுங்கள். பேழைப் போலியைவிட இது நேர்மையான பயிற்றுத் துணைப்பொருள்.

2014 முதல் நான்காம் ஆண்டிலேயே வரலாறு தனிப்பாடமாகத் தொடங்கிவிட்டது. பத்து வயதில் பதிந்தது எளிதில் அழியாது. கொல்லன் தெருவில் ஊசி விற்பவன் உடனே அகப்படுவான். குழந்தைகளிடம் போலியை விற்பவன் அகப்படுவதே இல்லை. அதனால்தான் அவர்கள் பொருட்டு நாம் கேட்டாக வேண்டும்.

கண்காட்சிக்கு அழைத்துச் செல்லுமுன் ஏற்பாட்டாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இது மூலமா, படியா? படியெனில் எதன் படி? அதை அட்டையில் எழுதியுள்ளீர்களா? விடை வாராவிடில், உரிய விளக்கத்தோடு கூடிய ஒரு பழைய நிழற்படமே மேல்.

சிறுவர்கள்தானே என்று இனியும் சொல்லாதீர்கள். சிறுவர்கள் என்பதால்தான் சரியாக இருக்க வேண்டும்!