'புரிஞ்சுதா?' என்பது கேள்வியே அல்ல

தமிழ்நாட்டு வகுப்பறைகளில் அதிகம் கேட்கப்படும் கேள்வி எது என்று பந்தயம் வைத்தால் என் பணம் 'புரிஞ்சுதா?' மேல்தான். பொறியியல் கல்லூரிக்கு வந்ததும் அது டை கட்டிக்கொண்டு 'எனி டவுட்ஸ்?' ஆகிவிடும். இரண்டுக்கும் நடப்பது ஒன்றுதான். முன் பெஞ்சில் நாலு பேர் தலையாட்டுவார்கள், மிச்சப் பேர் 'எஸ் சார்' என்று ராகம் இழுப்பார்கள், சார் போர்டை அழிப்பார். 'நான் அடுத்த பக்கத்துக்குப் போகட்டுமா?' என்று ஆசிரியர் சம்பிரதாயத்துக்குக் கேட்கும் அனுமதி அது. அதை மறுக்கும் அதிகாரம் பதினெட்டு வயசுப் பையனுக்கோ பெண்ணுக்கோ கிடையாது.

'புரியலைன்னா கேட்க வேண்டியதுதானே, வாய் இல்லையா?' என்பார்கள். சரி, வாய் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். தனக்குப் புரியவில்லை என்பது அவனுக்குத் தெரிய வேண்டாமா?

நான் நிரல் எழுதிப் பிழைப்பவன், அதனால் என் தொழிலிலிருந்தே ஒன்று. முதல் வார வகுப்பு. போர்டில் மூன்று வரி: அ = 5. ஆ = அ. அ = 7. இப்போது 'ஆ' எவ்வளவு? விடை 5. ஆனால் 7 என்று சொல்பவர்கள் இருப்பார்கள், அவர்கள் மக்குகள் அல்ல. பன்னிரண்டு வருஷம் கணக்கு வகுப்பில் சமக்குறி என்றால் இரண்டு பக்கமும் எப்போதும் சமம் என்று ஒழுங்காகப் படித்தவர்கள். 'அ' மாறினால் 'ஆ'வும் மாறத்தானே வேண்டும்? நிரலில் அந்தக் குறிக்கு 'வலப்பக்க மதிப்பை எடுத்து இடப்பக்கப் பெட்டியில் இப்போது போடு' என்று அர்த்தம் என்பது யாரும் பிரித்துச் சொல்லாத விஷயம். இவரிடம் போய் 'புரிஞ்சுதா?' என்றால் மனசாரப் 'புரிஞ்சுது சார்' என்பார். பொய்யே இல்லை. நாலு மாசம் கழித்து பாயின்டர் வரும்போது மொத்தமாகச் சரிவார். 'இவனுக்குக் கோடிங் வராது' என்று ஒரு தீர்ப்பு எழுதப்படும். அரை நிமிஷக் கேள்வி ஒன்று கேட்கப்படாததற்கு ஒருத்தன் கட்டும் அபராதம் அது.

கேட்டால் மட்டும் போதாது, யாரிடம் கேட்கிறோம் என்பதும் இருக்கிறது. முன் பெஞ்ச்காரன் 'ஃபைவ் சார்' என்று கத்தினால் அவனுக்குத் தெரியும் என்பது மட்டும்தான் தெரியும். அந்த ஒரு பதிலை அறுபது பேர் கணக்கில் வரவு வைப்பது கள்ள ஓட்டு. ஐந்தா ஏழா, நெஞ்சுக்கு நேராக விரலைக் காட்டு, மூணு எண்ணியதும் எல்லோரும் ஒரே நேரத்தில். பத்து நொடியில் மொத்த வகுப்பும் கண்முன்னால் வந்துவிடும். ஏழு காட்டியவனைத் திட்டாமல் 'ஏன்?' என்று கேட்க ஆசிரியருக்குப் பொறுமை இருந்தால் பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

இதெல்லாம் சுமாரான கல்லூரிகளின் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர், தன் மாணவர்களுக்கு அடிப்படையான சில கேள்விகளைக் கொடுத்துப் பார்த்தார். கனமான லாரியும் சின்னக் காரும் மோதினால் எது எதன்மேல் அதிக விசை செலுத்தும் என்கிற மாதிரிக் கேள்விகள். இரண்டும் சமம் என்கிறது நியூட்டனின் மூன்றாம் விதி. அந்த விதியை ஒப்பிக்கத் தெரிந்தவர்களே லாரி என்றார்கள். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா என்று ஒரு மாணவி கேட்டதை மசூர் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். 1991 முதல் அவர் வகுப்பு நடத்தும் முறையையே மாற்றிக்கொண்டார். ஒரு கேள்வி, தனித்தனியாகப் பதில், பிறகு பக்கத்தில் இருப்பவனோடு வாதாடு, மறுபடி பதில். பட்டன் அழுத்தும் கருவிகள் பின்னால் வந்தவை.

கருவி என்றதும் நம்மூர் நிர்வாகங்களுக்குக் காது நிமிரும், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்துப் பள்ளிகளில் ஆளுக்கொரு குட்டி வெள்ளைப் பலகை கொடுத்து, எழுதித் தூக்கிக் காட்டச் சொல்கிறார்கள். அதன் பழைய பெயர் சிலேட்டு. நாம் அதைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு ஸ்மார்ட் போர்டு வாங்கினோம். சிலேட்டில் பிள்ளைகள் எழுதினார்கள். ஸ்மார்ட் போர்டில் சார் எழுதுகிறார்.

'போர்ஷன் முடிக்கணுமே' என்பது அடுத்த வாதம். யாருக்கு முடிகிறது போர்ஷன்? சிலபஸ் பிரதியில் டிக் அடித்தவருக்கு. 'அதான் இன்டர்னல் டெஸ்ட் இருக்கே' என்பவர்களுக்கு, அது பிரேதப் பரிசோதனை. ஆள் செத்த காரணம் துல்லியமாகத் தெரியவரும், அவ்வளவுதான். (தனியார் கல்லூரி ஆசிரியரை அட்மிஷனுக்கு ஆள் பிடிக்கவும் அங்கீகாரக் கமிட்டிக்கு ஃபைல் அடுக்கவும் அனுப்பிவிட்டு, நல்லா நடத்து என்று சொல்கிற நிர்வாகத்தின்மேல் எனக்கு இதைவிடக் கோபம் உண்டு. அது தனிக் கட்டுரை.)

நான் படித்த கல்லூரியில் சந்தேகம் கேட்பவன் எழுந்து நிற்க வேண்டும், ஆங்கிலத்தில் கேட்க வேண்டும். தமிழ்வழியில் படித்து வந்த ஒருத்தன் முதல் செமஸ்டரில் திக்கித் திணறிக் கேட்டதற்கு 'நீ கவனிச்சியா முதல்ல?' என்று பதில் வந்தது. அன்றைக்கு அறுபது பேரும் ஒரே பாடத்தை நன்றாகப் புரிந்துகொண்டோம். 2021இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு பொறியியலிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. வாசல் திறந்தது, நல்லது. உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்காரும் அந்தப் பிள்ளையிடமும் 'எனி டவுட்ஸ்?'தான். எழுந்து நிற்பதன் விலை எல்லோருக்கும் ஒன்றல்ல. விரலைக் காட்ட ஆங்கிலம் வேண்டாம், எல்லோரும் காட்டும்போது கூச்சமும் வேண்டாம்.

விரலில் அடங்காத பாடத்துக்குத் துண்டுச் சீட்டு இருக்கிறது. மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஒரே ஒரு கேள்வி, கால் பக்கத் தாள், பெயர் எழுத வேண்டாம், மார்க் கிடையாது. அறுபது சீட்டையும் டீ ஆறுவதற்குள் மூன்று குவியலாகப் பிரித்துவிடலாம். சரியாகப் பிடித்தவர்கள், பாதி வழியில் நிற்பவர்கள், வேறு எங்கேயோ போய்விட்டவர்கள். மூன்றாவது குவியல் உயரமாக இருந்தால் நாளைக்கும் இதே பாடம்தான் சார்.