கடைசித் தட்டு

'இலங்கையைக் காப்பாற்றியவர்' என்று பெயரெடுத்த மனிதர் அந்தத் தீவில் இருந்தது இரண்டே நாள். ஷெட்லண்ட் தீவுகளிலிருந்து மாற்றலாகி வந்த கனடா விமானப் படையின் 413ஆம் பிரிவைச் சேர்ந்த லியோனார்ட் பர்ச்சால், காலிக்கு அருகே கொக்கல ஏரியில் கேட்டலைனா கடல் விமானத்தை இறக்கியது 1942 ஏப்ரல் 2ஆம் தேதி. வயது 26. 4ஆம் தேதி விடியுமுன் ரோந்துக்குக் கிளம்பியவர் திரும்பவில்லை.

அன்று மாலை, இலங்கைக்குத் தெற்கே சுமார் 350 மைலில், அடிவானத்தில் கரும்புள்ளிகள் தெரிந்தன. நெருங்கிப் பார்த்தால் அட்மிரல் நகுமோவின் கப்பற்படை. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள், துணைக்குப் போர்க்கப்பல்கள். செய்தியை மூன்று முறை அனுப்ப வேண்டும் என்பது விதி. மூன்றாவது முறை அனுப்பிக்கொண்டிருந்தபோது ஜப்பானிய ஜீரோ விமானங்கள் ரேடியோவை நொறுக்கின. கேட்டலைனா கடலில் விழுந்தது. ஒன்பது பேரில் ஆறு பேர் உயிரோடு பிடிபட்டார்கள்.

செய்தி அனுப்பவே இல்லை என்று அடி உதைக்கு நடுவே சாதித்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கொழும்பு நிலையம் 'மறுபடி சொல்லுங்கள்' என்று கேட்டுத் தொலைத்தது. ஜப்பானியர்கள் அதை ஒட்டுக்கேட்டுவிட்டார்கள். அப்புறம் விழுந்த அடியைச் சொல்ல வேண்டியதில்லை.

எச்சரிக்கையால் கொழும்புத் துறைமுகத்திலிருந்து பல கப்பல்கள் தப்பின. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறன்று குண்டு விழுந்தது விழுந்ததுதான். 6ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விழுந்தது. பீதியில் சென்னையே காலியானது. 'எவாக்குவேஷன்' என்ற சொல் வீட்டுப் பெரியவர்களின் வாயில் நெடுநாள் தங்கிப்போனது அப்போதுதான்.

உண்மையைச் சொன்னால், 'காப்பாற்றியவர்' பட்டம் கொஞ்சம் மிகை. தாக்குதல் வரப்போவது பிரிட்டிஷ் உளவுத் துறைக்கு முன்பே தெரியும். நகுமோவும் தீவைப் பிடிக்க வரவில்லை. பிரிட்டிஷ் கப்பற்படையை அடித்துவிட்டுப் போகத்தான் வந்தார். பர்ச்சாலை நினைவில் வைக்க வேண்டிய காரணம், அதற்குப் பின் வந்த மூன்றாண்டு நான்கு மாதச் சிறைவாசத்தில் இருக்கிறது.

முதலில் ஓஃபுனா. அது ஜப்பானியக் கடற்படையின் ரகசிய விசாரணை முகாம். அங்கிருப்பவர்களின் பெயர் செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் போகாது. ஊரில் குடும்பங்களுக்குக் கிடைத்ததெல்லாம் 'காணவில்லை' என்ற ஒற்றைச் சொல். செத்துப்போனான் என்றாலாவது அழுது தீர்க்கலாம். இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பிறகு யோகஹாமா முதலான முகாம்கள். அங்கே கைதிகளில் மூத்த அதிகாரி என்ற முறையில் பர்ச்சால் கொண்டுவந்த ஏற்பாட்டை, முதுமையில் ராணுவ மாணவர்களிடம் அவரே விவரித்திருக்கிறார். சிப்பாய்கள் முதலில் வாங்குவார்கள், அதிகாரிகள் கடைசியில். தன் பங்கு குறைச்சல் என்று எவனாவது நினைத்தால், அதை எந்த அதிகாரியின் தட்டோடும் மாற்றிக்கொள்ளலாம். கேள்வி கிடையாது. எடை குறைந்து எலும்பும் தோலுமாக இருந்தவர்கள் நடுவே இது சின்ன விஷயமல்ல. ஒரு பிடி சோற்றில் சந்தேகம் வந்தால் மனிதன் மனிதனைத் தின்ன ஆரம்பித்துவிடுவான்.

1944இல், நோயாளிகளையும் வேலைக்கு இழுத்தபோது அவர் எல்லாரையும் வேலையை நிறுத்தச் சொன்னார். நோயாளிகளுக்கு விலக்குக் கிடைத்தது. அவருக்குச் சாத்துப்படியும் தண்டனை முகாமும் கிடைத்தன. இதற்கிடையே கண்டதையெல்லாம் திருட்டுத்தனமாகக் குறிப்பெழுதி, மண்ணில் புதைத்தும் வைத்தார். போருக்குப் பின் போர்க்குற்ற விசாரணையில் அந்தக் குறிப்புகள் சாட்சியாயின. செய்தி அனுப்பியதற்காக ஒரு பதக்கமும், சிறையில் நடந்துகொண்ட விதத்துக்காக பிரிட்டிஷ் விருதான ஓ.பி.இ.யும் கொடுத்தார்கள். இரண்டில் எது பெரிது என்று, முகாமிலிருந்து வீடு திரும்பியவர்களின் பெண்டாட்டி பிள்ளைகளைக் கேட்டிருந்தால் யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பார்கள்.

1963 முதல் 1967 வரை கிங்ஸ்டனில் உள்ள கனடா ராணுவக் கல்லூரியின் தலைவர். அப்புறமும் கௌரவப் பதவிகளில் சீருடையைக் கழற்றவில்லை. 62 ஆண்டுச் சேவைக்காகக் கனடாவின் நீண்ட சேவைப் பதக்கத்தில் ஐந்து கூடுதல் பட்டைகள் பெற்றார். 2004 செப்டம்பரில் தமது 89ஆம் வயதில் கிங்ஸ்டனில் காலமானார். அவருடைய 413ஆம் பிரிவின் சின்னத்தில் கனடாவின் மேப்பிள் இலைக்கு முன்னால் ஒரு யானைத் தலை இருக்கிறது.