பாதி ராசிக்கு எப்போதும் சனி!

வேலை போனாலும், வரன் தள்ளிப்போனாலும், கடன் கழுத்தை நெரித்தாலும் பல வீடுகளில் முதலில் வெளியே வருவது ஜாதக நோட்டுதான். "ஏழரை நடக்குதான்னு பாருங்க" என்பது முதல் கேள்வி. "ஆமாம்" என்று ஜோதிடர் சொன்னதும் ஒரு நிம்மதி. கஷ்டத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டது. அது எப்போது தீரும் என்பதற்கும் ஒரு தேதி கிடைத்துவிட்டது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். சனி ஒரு ராசியில் ஏறக்குறைய இரண்டரை ஆண்டு இருப்பார். ஜென்ம ராசி, அதற்கு முந்தைய ராசி, அடுத்த ராசி ஆகிய மூன்றையும் அவர் கடக்கும் காலமே ஏழரை. ஆக, எந்த நாளை எடுத்தாலும் 12 ராசிகளில் 3 ராசிக்கு ஏழரை நடந்துகொண்டுதான் இருக்கும். நாலாம் இடத்து அர்த்தாஷ்டமச் சனி, ஏழாம் இடத்துக் கண்டகச் சனி, எட்டாம் இடத்து அஷ்டமச் சனி... இவற்றையும் சேர்த்தால் 6 ராசி. அதாவது, சரிபாதி!

கஷ்டத்தோடு போகிறவருக்குக் காரணம் கிடைப்பதில் ஆச்சரியம் என்ன? அதே ராசியில், அதே மாதத்தில் புது வீடு கட்டிக் குடிபோகிறவரும் இருப்பார். அவர் ஜோதிடரைத் தேடிப் போவதில்லை, அவ்வளவுதான்.

முடிகிற தேதியிலும் சிக்கல் உண்டு. திருக்கணிதப்படி சனி கும்பத்துக்கு வந்தது 2023 ஜனவரி 17-ல். வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் திருநள்ளாறில் பெயர்ச்சி விழா நடந்தது அதே ஆண்டு டிசம்பர் 20-ல். தனுசு ராசிக்காரருக்கு ஒரு பஞ்சாங்கத்தில் ஏழரை விட்டுவிட்டது. இன்னொன்றில் மேலும் 11 மாதம் பாக்கி. இதற்கிடையில் அவர் கடை திறக்கலாமா, கூடாதா?

திருநள்ளாறு போய், நள தீர்த்தத்தில் நீராடி, தர்பாரண்யேஸ்வரரையும் சனி பகவானையும் கும்பிட்டு வந்தால் மனபாரம் குறையும். அதில் யாருக்கும் நஷ்டமில்லை. பரிகார ஹோமத்துக்காக இருக்கிற நகையையும் அடகு வைக்கும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. கடன் தீரச் செய்த பரிகாரமே இன்னொரு கடனாகிவிடும். "நேரம் சரியில்லை, பெயர்ச்சி முடியட்டும்" என்று டாக்டர் சொன்ன ஆபரேஷனைத் தள்ளிப்போடுவது அதைவிட மோசம். நோய்க்கு ராசி தெரியாது.

சனிக்கு 'மந்தன்' என்றொரு பெயர் உண்டு. மெதுவாக நடப்பவர் என்று பொருள். உழைப்புக்கும் பொறுமைக்கும் உரிய கிரகமாக அவரைச் சொல்வது ஜோதிடம்தான். அப்படியானால், அவருக்குப் பிடித்த பரிகாரம் வீட்டிலேயே இருக்கிறது.

ஜாதக நோட்டை எடுக்கும் அன்றே ஒரு வெள்ளைத்தாளையும் எடுங்கள். யாருக்கு எவ்வளவு கடன், எதற்கு வட்டி அதிகம், எந்தச் செலவை நிறுத்தலாம் என்று கணவன், மனைவி, சம்பாதிக்கும் பிள்ளைகள் எல்லோரும் உட்கார்ந்து எழுதுங்கள். வட்டி அதிகமான கடனை முதலில் அடையுங்கள். ஏழரை முடியும் தேதி பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் மாறும். கடைசித் தவணை கட்டும் தேதி எல்லாப் பஞ்சாங்கத்திலும் ஒன்றுதான்!