எழுந்து நடப்பது மட்டுமா வாழ்வு?



சாலை விபத்தில் தண்டுவடம் காயமுற்று வீடு திரும்பிய ஒரு சகோதரரைச் சில ஆண்டுகளுக்கு முன் சந்திக்கச் சென்றிருந்தேன். அவருடைய கால்களுக்காக ஊக்கமாய் ஜெபித்துவிட்டு வெளியே வந்தேன். வாசலில் நின்றவர்களும் அதையே கேட்டார்கள்: "ஐயா, இனி நடப்பாரா?"

பல வாரங்கள் கழித்து அவர் என்னிடம், "எல்லோரும் என் கால்களை விசாரிக்கிறார்கள், என்னை யாரும் விசாரிக்கவில்லை" என்றார். நான் வெட்கப்பட்டேன். அன்றுதான் அவரைப் பேசவிட்டுக் கேட்டேன். அவருடைய பெரிய துக்கம் நம் ஆலய வாசலின் ஐந்து படிகள். நான்கு பேர் தூக்கினால்தான் ஆராதனைக்கு வர முடியும். பிறர்க்குச் சுமையாக வர அவருக்கு மனமில்லை.

நாம் கேட்கத் தவறியதை மருத்துவ உலகம் கேட்கக் கற்றிருக்கிறது. வாழ்க்கைத் தரத்தை அளக்க உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய சுருக்கமான வினாத்தாளில் 26 கேள்விகள் உள்ளன. பொதுவான இரண்டு போக, உடலைக் குறித்தவை 7, மனத்தைக் குறித்தவை 6, உறவுகளைக் குறித்தவை 3. வீடு, பணம், பாதுகாப்பு, போக்குவரத்து முதலிய சூழலைக் குறித்தவையோ 8. நடமாட்டத்தைப் பற்றிய கேள்வி ஒன்றே ஒன்று. பதில் சொல்ல வேண்டியவரும் மருத்துவர் அல்லர், உறவினர் அல்லர், அந்த மனிதரே.

இது ஏன் முக்கியம்? 1999-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கடுமையான உடற்குறையோடு வாழ்வோரில் பாதிக்கு மேற்பட்டோர் தங்கள் வாழ்வு நன்றாகவே இருக்கிறது என்றார்கள். பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை. வலியாலும் சோர்வாலும் வாடுவோரும் அவர்களிடையே இருந்தார்கள். அதையும் நாம் ஊகித்து அறிய முடியாது. ஆகவே கேட்கத்தான் வேண்டும்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்பு அங்கே மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்றார். நடையைக் கொண்டு மட்டும் அளந்திருந்தால் அவருக்கு என்ன மதிப்பிட்டிருப்போம்?

எனினும் எல்லோரும் அவரைப்போல் சாதிக்க வேண்டுமென்பதில்லை. மேவிபோசேத்தை நினைத்துப் பாருங்கள். ஐந்து வயதில் கீழே விழுந்து கால்கள் முடமான அவன், தாவீதின் பந்தியில் இடம்பெற எதையும் சாதிக்கவில்லை. பந்தியில் அமர்ந்த பின்னும் அவன் கால்கள் அப்படியே இருந்தன. மாறியது அவனுக்குக் கிடைத்த இடம்.

தேவன் சுகமளிக்கிறார் என்று நான் விசுவாசிக்கிறேன். அதற்காக ஜெபிப்பதை நிறுத்தமாட்டேன். ஆனால் எழுந்து நடந்தவர்களை மட்டுமே சாட்சி சொல்ல அழைக்கும் சபை, நாற்காலியில் இருப்பவரிடம் சொல்லாமல் சொல்வது என்ன? உன் வாழ்வு இன்னும் தொடங்கவில்லை என்பதே.

இந்த வாரம், காயத்தோடு வாழும் ஒருவரிடம் போய் அமருங்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு, பதில் முடியும்வரை காத்திருங்கள். அதன்பின் ஜெபியுங்கள். ஆலயப் படிகளுக்கு அருகே ஒரு சாய்தளம் கட்டுவதைக் குறித்து நாம் சபையாகப் பேசுவோம். அந்த எட்டுக் கேள்விகளில் ஒன்றுக்காவது நல்ல பதிலைத் தருவது நம் கையில் இருக்கிறது.

தேவனுடைய சமாதானம் உங்கள் இல்லங்களில் தங்குவதாக. ஆமென்.